மண்ணில் நீரில் கரையும் கார்பனை அளப்பது எப்படி: சென்னை மண்ணோடு ஒரு செய்முறை

திருவான்மியூர் கடலோர மணல், செங்குன்றத்துச் செம்மண், பள்ளிக்கரணைப் பக்கத்துக் களிமண். மூன்றிலும் ஐந்தைந்து கிராம் எடுங்கள். ஐம்பது மி.லி. சுத்தமான தண்ணீர் விட்டு அரை மணி நேரம் குலுக்கி வடிகட்டுங்கள். மணலிலிருந்து வருவது பெரும்பாலும் வெறும் தண்ணீர் போலத் தெளிவாக இருக்கும். களிமண்ணிலிருந்து வருவது பால் விடாத டீயைப் பத்து மடங்கு நீர்த்தது போல மங்கலான பழுப்பாக இருக்கலாம். அந்தத் தண்ணீரில் கரைந்திருக்கும் கார்பனை, மண்ணின் எடைக்கு இவ்வளவு என்று எண்ணாகச் சொல்வதுதான் நம் வேலை.

சர்க்கரைகள், அமினோ அமிலங்கள், வேர்கள் கசியவிடும் சிறு அமிலங்கள், மக்கிய இலைதழையிலிருந்து வரும் பழுப்புப் பொருள்கள் எல்லாம் இதில் அடங்கும். மண்ணின் மொத்த அங்கக கார்பனில், அதாவது சுண்ணாம்பிலிருந்து அல்லாமல் உயிர்ப்பொருள்களிலிருந்து வந்த கார்பனில், இதன் பங்கு பொதுவாக இரண்டு சதவீதத்துக்கும் குறைவு. ஆனாலும் எனக்கு மண்ணில் மிகவும் பிடித்த அளவீடு இதுதான். நுண்ணுயிர் எதையும் கடித்துத் தின்பதில்லை. தண்ணீரில் கரைந்த வடிவில்தான் அதன் உடலுக்குள் உணவு போக முடியும். மொத்த கார்பன் மாறியதா என்று தெரியப் பல வருடம் பிடிக்கும். தொழு உரம் போட்டதோ, மழை பெய்ததோ, வெயிலில் காய்ந்ததோ, இந்தச் சிறு பங்கு சில நாட்களிலேயே அசைந்துவிடும்.

இந்த வேகத்தால்தான் அளப்பவரின் கவனக்குறைவும் இதில் உடனே ஏறிவிடுகிறது. புதிதாகத் தொடங்குபவர் முதலில் மனதில் வாங்க வேண்டியது ஒன்று. நீரில் கரையும் அங்கக கார்பன் என்று தனியாக ஒரு பொருள் மண்ணுக்குள் உட்கார்ந்திருக்கவில்லை. எவ்வளவு தண்ணீர் விட்டீர்கள், எத்தனை நிமிடம் குலுக்கினீர்கள், அறை எவ்வளவு சூடாக இருந்தது, எந்த ஃபில்டரில் வடித்தீர்கள் என்பவையெல்லாம் சேர்ந்துதான் அந்த எண் பிறக்கிறது. இவற்றில் ஒன்றை மாற்றினால் எண்ணும் மாறும்.

களத்துக்குப் போகும் முன் முடிவு செய்ய வேண்டியவை

முதல் முடிவு, புது மண்ணா உலர்ந்த மண்ணா என்பது. வழக்கமான மண் பரிசோதனைக்கு நிழலில் உலர்த்திய மண் போதும். இதற்கு அது சரிப்படாது. உலரும்போது நுண்ணுயிர்கள் செத்து உடைகின்றன. அவற்றின் உள்ளே இருந்த சாறு, அடுத்து நீங்கள் ஊற்றும் தண்ணீரில் கரைந்துவிடும். உலர்ந்த மண்ணின் எண் புது மண்ணைவிடக் கணிசமாகக் கூடுவது இதனால்தான். உறைய வைத்தாலும் இதே கதை. வயலில் இருந்த நிலையைத் தெரிந்துகொள்ள வேண்டுமென்றால் ஈரம் மாறாத புது மண்ணையே எடுங்கள். மாதிரிகள் நூற்றுக்கணக்கில் இருந்து ஒரே நாளில் முடியாது என்றால் எல்லாவற்றையும் ஒரே மாதிரி உலர்த்திச் செய்யலாம், அப்படிச் செய்ததை எழுதியும் வைக்க வேண்டும். பாதி புதிது, பாதி உலர்ந்தது என்று மட்டும் கலக்காதீர்கள்.

இரண்டாவது, மண்ணுக்கும் தண்ணீருக்கும் உள்ள விகிதம். 1:2, 1:5, 1:10 என்று பல வழக்கம் உண்டு. தொடங்குபவருக்கு நான் சொல்வது 1:10, அதாவது உலர் எடைக்கு 5 கிராம் மண், 50 மி.லி. தண்ணீர். களிமண்கூட இதில் ஓரளவு வடியும். கார்பன் மிகக் குறைவான கடலோர மணலுக்கு 1:5 எடுத்தால் எண் நம்பகமாக வரும். ஆனால் ஒப்பிடப்போகும் மண்கள் அனைத்துக்கும் ஒரே விகிதம்தான் இருக்க வேண்டும்.

மூன்றாவது, வெப்பநிலை. சென்னையில் இருப்பவர்கள் இதை ஒருபோதும் அலட்சியம் செய்யக் கூடாது. வெளிநாட்டுச் செய்முறைகளில் ‘அறை வெப்பநிலையில் குலுக்கவும்’ என்று இருந்தால் அது 20 டிகிரி செல்சியஸை ஒட்டியது. அக்கினி நட்சத்திரத்தில் ஏ.சி. இல்லாத நம் ஆய்வகத்தில் அறை வெப்பநிலை 34, 35 டிகிரி. சூடு கூடினால் கரைவதும் கூடும், நுண்ணுயிர் தின்பதும் கூடும். மார்கழியில் எடுத்த எண்ணையும் சித்திரையில் எடுத்த எண்ணையும் அப்படியே பக்கத்தில் வைத்தால், நீங்கள் பார்ப்பது மண்ணின் வித்தியாசமா அறையின் வித்தியாசமா என்றே தெரியாது. குப்பிகளைக் குலுக்கும் கருவியான ஷேக்கரை ஏ.சி. அறைக்குள் வையுங்கள். 25 டிகிரி என்று நிலைப்படுத்துங்கள். ஊற்றும் தண்ணீரும் அதே வெப்பநிலைக்கு வந்திருக்கட்டும். ஒவ்வொரு முறையும் தெர்மாமீட்டர் பார்த்து எழுதுங்கள்.

மண் எடுப்பது

மண் பரிசோதனைக்கு எடுப்பது போலத்தான். மேலே கிடக்கும் சருகையும் குப்பையையும் ஒதுக்கிவிட்டு, மண்வெட்டியால் வி வடிவக் குழி வெட்டி, ஓரத்திலிருந்து 15 செ.மீ. ஆழம் வரை ஒரே தடிமனில் ஒரு சீவல் எடுங்கள். ஓர் இடத்துக்கு எட்டுப் பத்து குழி போதும். எல்லாவற்றையும் சுத்தமான பேசினில் கலந்து, நான்காகப் பிரித்து எதிரெதிர்ப் பங்குகளைத் தள்ளி, அரைக் கிலோவுக்குக் கொண்டு வாருங்கள். ஈரக் களிமண் சரியாகக் கலக்காது. கையால் பிட்டுப் பிட்டுக் கலக்கப் பொறுமை வேண்டும்.

எங்கே எடுப்பது என்று யோசிப்பவர்களுக்குச் சென்னை ஒரு பொக்கிஷம். கடலோரம் திருவான்மியூர், கொட்டிவாக்கம் எங்கும் மணல். மேற்கு மாம்பலம், அண்ணா நகர், பெரம்பூர் பக்கம் களிமண். கிண்டி, வேளச்சேரிப் பக்கம் பாறை மேலெழுந்த நிலம். ஒரே நாளில் மூன்று வகையும் பையில் விழும். கிண்டி தேசியப் பூங்காவுக்குள்ளும், 2022-இல் ராம்சர் தலமாக, அதாவது உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலமாக, அறிவிக்கப்பட்ட பள்ளிக்கரணை சதுப்பு நிலத்துக்குள்ளும் மண் எடுக்க வனத்துறை அனுமதி வேண்டும். கடிதம் போட்டு, அனுமதி கைக்கு வந்த பிறகே போங்கள். அடையாறு, கூவம் கரைகளில் எடுத்தால் கையுறையும் காலணியும் கட்டாயம். கழிவுநீர் கலந்த மண் என்பதைக் குறிப்பில் எழுத மறக்காதீர்கள்.

எப்போது எடுப்பது என்பதும் முக்கியம். காய்ந்து கிடந்த மண்ணில் முதல் மழை விழுந்ததும் நுண்ணுயிர்களின் மூச்சு திடீரென்று எகிறும். கிழக்கு ஆப்பிரிக்காவில் வேலை செய்த பர்ச் என்பவர் 1958-இல் இதை விரிவாக எழுதியதால் பர்ச் விளைவு என்றே பெயர். கரையும் கார்பனும் அந்த நேரத்தில் ஏறி, சில நாட்களில் இறங்கும். அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை தொடங்கிய மறுநாள் ஒரு தோட்டத்திலும், பத்து நாள் கழித்து இன்னொரு தோட்டத்திலும் எடுத்து இரண்டையும் ஒப்பிட்டால் முடிவு தவறாகப் போகும். ஒப்பிட வேண்டிய இடங்கள் எல்லாவற்றிலும் ஒரே நாளில், முடிந்தால் ஒரே காலைப் பொழுதில் எடுத்துவிடுங்கள். கடைசியாக மழை பெய்த தேதியையும் பையின் மேல் எழுதுங்கள்.

எடுத்த மண்ணை வெயிலில் பைக்கில் மாட்டிக்கொண்டு வருவதுதான் நான் அடிக்கடி பார்க்கும் தவறு. மூடிய பிளாஸ்டிக் பைக்குள் சூடு ஏறி, ஆய்வகம் வந்து சேர்வதற்குள் மண் வேறு மண் ஆகிவிடுகிறது. மீன் வரும் தெர்மாகோல் பெட்டி ஒன்றைப் புதிதாக வாங்கி, அடியில் ஐஸ் பாக்கெட் வைத்து, மேலே ஒரு துணி விரித்து, அதன் மேல் மண் பைகளை அடுக்குங்கள். ஐஸ் நேராக மண்ணைத் தொட்டால் அந்தப் பக்கம் உறையும். துணி அதைத் தடுக்கும். ஆய்வகம் வந்ததும் 4 டிகிரி குளிர்பெட்டியில் வைத்து, ஓரிரு நாளுக்குள் சாறு, அதாவது மண்ணோடு குலுக்கி வடித்த தண்ணீர், எடுத்துவிடுங்கள்.

சலிப்பதும் ஈரம் பார்ப்பதும்

2 மி.மீ. சல்லடையில் சலியுங்கள். ஈரக் களிமண் சல்லடையில் இறங்காது. அதற்காக வெயிலில் காய வைக்காமல், கையால் பிட்டு வேரையும் கல்லையும் பொறுக்கி எடுங்கள். நுண்வேர்கள் விடாமல் வர வேண்டும். நறுக்குப்பட்ட வேர் தண்ணீரில் சர்க்கரையைக் கசியவிடும்.

சலித்த மண்ணில் 10 கிராம் தனியே எடுத்து 105 டிகிரி ஓவனில் 24 மணி நேரம் வைத்து ஈரத்தைக் கணக்கிடுங்கள். இந்த முடிவுக்காகக் காத்திருக்க வேண்டாம். ஈர மண்ணை எடை போட்டு, எடையை எழுதிவிட்டுச் சாறு எடுக்கத் தொடங்கலாம். கணக்கை மறுநாள் போட்டுக்கொள்ளலாம்.

தண்ணீர், கண்ணாடி, ஃபில்டர்

இங்கேதான் நிறையப் பேருடைய ஆய்வு தோற்கிறது. மண்ணைப் பற்றிக் கவலைப்படும் நேரத்தில் பாதியாவது தண்ணீரைப் பற்றிக் கவலைப்பட வேண்டும்.

கேன் தண்ணீர் வேண்டாம். டி.டி.எஸ். மீட்டரில் குறைந்த எண் காட்டுகிறதே என்பார்கள். அந்த மீட்டர் பார்ப்பது மின்சாரத்தைக் கடத்தும் உப்பை மட்டும். ஒரு ஸ்பூன் சர்க்கரையைக் கரைத்தாலும் அதற்குத் தெரியாது. நமக்குத் தெரிய வேண்டியதோ அந்தச் சர்க்கரைதான். 18.2 மெகாஓம்-செ.மீ. மின்தடை உள்ள மிகத் தூய தண்ணீர் தரும் அல்ட்ராப்யூர் கருவி இருந்தால், வேலை தொடங்கும் அதே மணி நேரத்தில் பிடித்த தண்ணீரைப் பயன்படுத்துங்கள். முதல் ஒரு லிட்டரை ஊற்றிவிடுங்கள். நேற்று பிளாஸ்டிக் ஜாடியில் பிடித்து வைத்தது இன்று அதே தண்ணீர் அல்ல. கருவி இல்லாத கல்லூரிகளில் சிறிது பொட்டாசியம் பெர்மாங்கனேட்டும் காரமும் சேர்த்து இரண்டாம் முறை காய்ச்சி வடிக்கும் பழைய வழி உண்டு. பெர்மாங்கனேட் அங்ககப் பொருளை எரித்துவிடும். இன்றும் நன்றாகப் பயன்படும் வழி அது.

துல்லிய அளவுக்கு அல்லாத கண்ணாடிக் குப்பிகளையும் பீக்கர்களையும் சோப்பு போட்டுக் கழுவி, 10 சதவீத ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் ஓர் இரவு ஊறவைத்து, அல்ட்ராப்யூர் தண்ணீரில் பல முறை அலசி, அலுமினியத் தாள் மூடி 450 டிகிரி மஃபிள் ஃபர்னஸ் என்னும் மின் உலையில் 4 மணி நேரம் வையுங்கள். பிப்பெட், வால்யூமெட்ரிக் பிளாஸ்க் போன்ற அளவுக் கண்ணாடிகளை ஃபர்னஸில் வைத்தால் அளவு மாறிவிடும். அவற்றுக்கு அமிலம் மட்டும்.

ஃபில்டர் விஷயத்தில் எனக்கு நேர்ந்ததைச் சொல்கிறேன். இந்த வேலைக்கு வந்த புதிதில் ஒரு வாரம் முழுக்க என் பிளாங்க், அதாவது மண் இல்லாமல் வெறும் தண்ணீரை எல்லாப் படிகளிலும் நடத்திச் சென்ற மாதிரி, லிட்டருக்கு 5 மி.கி.க்குக் கீழே இறங்கவே இல்லை. தண்ணீரை மாற்றினேன், குப்பிகளை மறுபடி சுட்டேன், அமிலத்தை மாற்றினேன். கடைசியில் ஒவ்வொரு படியிலும் தனித்தனியாகத் தண்ணீரை எடுத்து அளந்த பிறகுதான் தெரிந்தது. குப்பியிலிருந்து வந்த தண்ணீர் சுத்தம், வேகமாகச் சுழற்றித் துகள்களை அடியில் படியவைக்கும் சென்ட்ரிஃபியூஜின் குழாயிலிருந்து வந்ததும் சுத்தம், ஃபில்டரைத் தாண்டியதும் கார்பன். மெம்பிரேன் ஃபில்டர், அதாவது மெல்லிய சவ்வு வடிகட்டி, எளிதில் நனைவதற்காக அதில் பூசியிருக்கும் பொருள் கரைந்து வந்திருக்கிறது. 60 மி.லி. தண்ணீர் விட்டு அலசிய பிறகு அதே ஃபில்டர் 0.4 மி.கி.தான் காட்டியது. அந்த ஒரு வாரத்து மண் எண்கள் அத்தனையையும் அடித்துவிட்டுத் திரும்பச் செய்தேன். அன்றிலிருந்து ஃபில்டரைக் குறைந்தது 50 மி.லி. தண்ணீரில் அலசாமல் ஒரு சொட்டுச் சாறு கூட ஊற்றியதில்லை.

செல்லுலோஸ் நைட்ரேட், செல்லுலோஸ் அசிடேட் மெம்பிரேன்களில் இந்தக் கசிவு பொதுவாக அதிகம். பாலி ஈதர் சல்ஃபோன் குறைவு. கண்ணாடி இழை ஃபில்டரை ஃபர்னஸிலேயே சுட்டுக்கொள்ளலாம், ஆனால் அதன் துளை வழக்கமாக 0.7 மைக்ரானோ அதற்கு மேலோ இருக்கும். கரைந்தது, கரையாதது என்று பிரிக்க வழக்கமாக வைத்திருக்கும் கோடு 0.45 மைக்ரான் என்பதால், சுட்ட கண்ணாடி இழையை முன்வடிகட்டியாகவும் 0.45 மெம்பிரேனைக் கடைசி வடிகட்டியாகவும் வைத்துக்கொள்வது நல்லது.

ஒன்று கூட: வடிகட்டும் மேசையருகே அசிட்டோன், எத்தனால், கைக்குப் போடும் சானிடைசர் எதுவும் திறந்திருக்கக் கூடாது. ஆல்கஹால் ஆவி திறந்த தண்ணீரில் கரையும். மேசையை ஸ்பிரிட் போட்டுத் துடைத்த நாளில் பிளாங்க் ஏறுவதைப் பார்த்தால் உங்களுக்கே புரியும்.

சாறு எடுத்தல்

1. உலர் எடைக்கு 5 கிராம் வரும்படி ஈர மண்ணை 100 மி.லி. பிடிக்கும் மூடியுள்ள குப்பியில் எடை போடுங்கள். ஈரம் உலர் எடைக்கு 20 சதவீதம் என்று தோராயமாகத் தெரிந்தால் 6 கிராம். ஒவ்வொரு மண்ணுக்கும் மூன்று குப்பி. மண் இல்லாத பிளாங்க் மூன்று.

2. 25 டிகிரியில் இருக்கும் தண்ணீர் 50 மி.லி. விடுங்கள். நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்.

3. ஷேக்கரில் 30 நிமிடம், மண் அடியில் தங்காத அளவு வேகத்தில் குலுக்குங்கள். வேகத்தை எழுதி வைத்து அடுத்த முறையும் அதையே வையுங்கள். நேரத்தை நீட்டினால் நல்லது என்று இரண்டு மணி நேரம் ஓடவிட வேண்டாம். மண் துகள்கள் உரசி உடையும், நுண்ணுயிர் வேலையும் தொடங்கிவிடும்.

4. சென்ட்ரிஃபியூஜில் 4,000 ஆர்.பி.எம்.மில் 20 நிமிடம். ஆர்.பி.எம். மட்டும் எழுதினால் போதாது. ரோட்டரின், அதாவது குழாய்களோடு சுழலும் பகுதியின், ஆரம் 10 செ.மீ. என்றால் அந்த வேகம் புவியீர்ப்பைப் போல் சுமார் 1,790 மடங்கு விசை தரும். ஆரம் 15 என்றால் சுமார் 2,680 மடங்கு. உங்கள் கருவியின் ஆரத்தை அளந்து விசையையும் எழுதுங்கள்.

5. மேலே தெளிந்ததை, அலசிய 0.45 மைக்ரான் ஃபில்டரில் வடியுங்கள். வடிந்து வரும் முதல் 5 மி.லி.யைக் கொட்டிவிட்டு அடுத்ததைச் சுட்ட குப்பியில் பிடியுங்கள்.

6. அன்றே அளக்க முடிந்தால் அளந்துவிடுங்கள். இல்லையென்றால் 4 டிகிரியில், 24 மணி நேரத்துக்குள்.

பள்ளிக்கரணைப் பக்கத்து உப்புக் களிமண்ணில் ஐந்தாம் படி பொறுமையைச் சோதிக்கும். சோடியம் மிகுந்த களிமண்ணைச் சுத்தமான தண்ணீரில் போட்டால் துகள்கள் ஒன்றையொன்று விலக்கிக்கொண்டு மிதக்கும், ஃபில்டர் இரண்டு மி.லி.யிலேயே அடைத்துக்கொள்ளும். நீண்ட நேரம் சுழற்றி, கண்ணாடி இழையில் முன்வடிகட்டி, பிறகு மெம்பிரேனுக்குப் போங்கள். கால்சியம் குளோரைடு ஒரு சிட்டிகை போட்டால் உடனே தெளியும் என்று யாராவது சொல்வார்கள். உண்மைதான், தெளியும். ஆனால் கால்சியம் பழுப்புப் பொருளில் ஒரு பங்கையும் கூடவே கீழே இறக்கிவிடும். அந்த வழியில் போனால் அதை நீரில் கரையும் கார்பன் என்று எழுதக் கூடாது, கால்சியம் குளோரைடு சாறு என்றே எழுத வேண்டும்.

மாடித்தோட்டத்துத் தொட்டி மண், தென்னை நார்க் கழிவு கலந்த கலவை இவற்றுக்கு எதிர்ப் பிரச்சினை. சாறு கருந்தேநீராக வரும். 1:50 விகிதத்துக்குப் போய், மேலும் நீர்த்து அளக்க வேண்டியிருக்கும்.

டி.ஓ.சி. அனலைசரில் அளப்பது

மொத்த அங்கக கார்பனை அளக்கும் இந்தக் கருவி செய்வது எளிமையான வேலை. சாற்றில் ஒரு துளியை 680 டிகிரியில், பிளாட்டினம் வினையூக்கி மேல் எரித்து, வரும் கார்பன் டை ஆக்சைடை அகச்சிவப்பு ஒளியால் எண்ணுகிறது. சில கருவிகளில் வெப்பநிலை வேறாக இருக்கும். ஆனால் கார்பன் டை ஆக்சைடு சர்க்கரையிலிருந்து வந்ததா, கடற்சிப்பியின் சுண்ணாம்பிலிருந்து வந்ததா என்று அதற்குத் தெரியாது. கடலோர மணலில் சிப்பித் தூள் இல்லாமல் இருக்காது. எனவே சாற்றில் ஹைட்ரோகுளோரிக் அமிலம் சில சொட்டு விட்டு பி.எச். 2 முதல் 3 வரை கொண்டுவந்து, கார்பன் இல்லாத காற்றைச் சில நிமிடம் குமிழ் விட்டால் சுண்ணாம்பின் பங்கு வெளியேறிவிடும். மிச்சத்தை, அதாவது குமிழோடு வெளியேறாத அங்கக கார்பனை, அளப்பதுதான் என்.பி.ஓ.சி. முறை. மண் சாற்றுக்கு நான் எப்போதும் இதையே பரிந்துரைப்பேன். மொத்த கார்பனிலிருந்து சுண்ணாம்புக் கார்பனைக் கழிக்கும் முறையில், இரண்டு பெரிய எண்களின் வித்தியாசமாக நமக்கு வேண்டிய சிறிய எண் வருகிறது. பிழை அதைவிடப் பெரிதாகிவிடலாம்.

குமிழ் விட்டது போதுமா என்பதை நீங்களே சோதிக்கலாம். 0.700 கிராம் சோடியம் பைகார்பனேட்டை ஒரு லிட்டரில் கரைத்தால் 100 மி.கி. கார்பன். இதை மாதிரி போல வைத்து என்.பி.ஓ.சி. ஓட்டினால் பிளாங்க் அளவுக்கு இறங்க வேண்டும். இறங்கவில்லை என்றால் அமிலமோ நேரமோ போதவில்லை.

ஸ்டாண்டர்டுக்கு, அதாவது கார்பன் அளவு முன்கூட்டியே தெரிந்த ஒப்பீட்டுக் கரைசலுக்கு, பொட்டாசியம் ஹைட்ரஜன் தாலேட். ஓவனில் 110 டிகிரியில் இரண்டு மணி நேரம் உலர்த்தி, டெசிகேட்டரில் ஆறவிட்டு, 2.125 கிராம் எடுத்து ஒரு லிட்டராக்கினால் லிட்டருக்கு 1,000 மி.கி. கார்பன். அதில் 10 மி.லி.யை 100 ஆக்கினால் 100 மி.கி. அதிலிருந்து 1, 5, 10, 20, 50 மி.லி. எடுத்து ஒவ்வொன்றையும் 100 மி.லி. ஆக்கினால் 1, 5, 10, 20, 50 மி.கி. வரிசை தயார். பத்து மாதிரிக்கு ஒரு முறை பிளாங்க்கும் 10 மி.கி. ஸ்டாண்டர்டும் இடையில் வையுங்கள். ஸ்டாண்டர்டு 10 சதவீதத்துக்கு மேல் விலகினால் அங்கேயே நிறுத்துங்கள்.

அமிலம் விட்டதும் கரும்பழுப்புச் சாற்றில் செதில் செதிலாக ஏதாவது படிந்தால் அது மக்கிய பொருளிலிருந்து வரும் ஹியூமிக் அமிலம். பெரும்பாலும் பி.எச். 2-க்கும் கீழே போயிருக்கும். முந்தின நாளே அமிலம் விட்டு வைக்காமல், கருவியில் வைக்கும் சற்று முன்பு அளவாக விடுங்கள்.

டைக்ரோமேட் வழி

கருவி இல்லாத கல்லூரிகள் ஏராளம். அங்கேயும் இந்த வேலை நடக்கும். டைக்ரோமேட் சாற்றிலுள்ள கார்பனை ஆக்சிஜனேற்றம் செய்து செலவாகும்; மிஞ்சிய டைக்ரோமேட்டை அளந்தால் கார்பன் எவ்வளவு என்று தெரியும். வடித்த சாறு 8 மி.லி., 0.4 நார்மல் பொட்டாசியம் டைக்ரோமேட் 2 மி.லி. (லிட்டருக்கு 19.61 கிராம்), இரண்டு பங்கு அடர் சல்ஃபியூரிக் அமிலமும் ஒரு பங்கு பாஸ்பாரிக் அமிலமும் கலந்த கலவை 15 மி.லி. இவற்றைக் ஆவியைக் குளிர்வித்துத் திருப்பும் கண்டன்சர் மாட்டிய பிளாஸ்கில், புகையை வெளியே இழுக்கும் ஃபியூம் ஹூடுக்குள், அரை மணி நேரம் மெதுவாகக் கொதிக்க விடுங்கள். ஆறிய பின் 20 மி.லி. தண்ணீரை நிதானமாகச் சேர்த்து, நிறம் மாறி முடிவைக் காட்டும் ஃபெரோயின் சொட்டு விட்டு, 0.0333 நார்மல் ஃபெரஸ் அம்மோனியம் சல்ஃபேட்டால் டைட்ரேட் செய்யுங்கள். இந்தக் கரைசல் காற்றில் கெடும், தினமும் ஸ்டாண்டர்டைஸ் செய்ய வேண்டும். சாற்றுக்குப் பதில் தண்ணீர் வைத்துக் கொதிக்கவிட்ட சூடான பிளாங்க் அவசியம், ஏனென்றால் டைக்ரோமேட் கொதிக்கும்போது தானாகவும் கொஞ்சம் சிதையும்.

கணக்கு: சூடான பிளாங்க்குக்கு ஆன மி.லி.யிலிருந்து மாதிரிக்கு ஆனதைக் கழித்து, ஃபெரஸ் கரைசலின் நார்மாலிட்டியாலும் 3,000-ஆலும் பெருக்கி 8-ஆல் வகுத்தால் லிட்டருக்கு எத்தனை மி.கி. கார்பன் என்று வரும்.

இந்த வழியின் எல்லையையும் தெரிந்துகொள்ளுங்கள். சாற்றில் லிட்டருக்கு 14 மி.கி. கார்பன் இருந்தால், சுமார் 24 மி.லி. டைட்ரேஷனில் வித்தியாசம் 1.1 மி.லி.தான். ப்யூரெட்டிலிருந்து ஒரே ஒரு சொட்டு கூடினால், 0.05 மி.லி., லிட்டருக்கு 0.6 மி.கி. மாறும். மணலுக்கு 1:5 விகிதமும், பத்து மி.லி. மைக்ரோ ப்யூரெட்டும் கட்டாயம் என்று நான் சொல்வது இதனால்தான்.

சுண்ணாம்பு இதில் தொந்தரவு செய்யாது. ஆனால் குளோரைடு செய்யும். டைக்ரோமேட் குளோரைடையும் ஆக்சிஜனேற்றம் செய்து, இல்லாத கார்பனை இருப்பதாகக் காட்டும். கிழக்குக் கடற்கரைச் சாலையோர மண், உப்பங்கழி ஓர மண் எதுவானாலும் சாற்றின் மின்கடத்துத் திறனை முதலில் பாருங்கள். உப்பு மிகுந்தால் குளோரைடைக் கட்டிப்போடச் சில்வர் சல்ஃபேட் சேர்ப்பது வழக்கம். என்னைக் கேட்டால், அத்தகைய மாதிரிகளைக் கருவி உள்ள ஆய்வகத்துக்கு அனுப்புவதே மேல். நீர் தேங்கிய சதுப்பு மண்ணில் ஃபெரஸ் இரும்பும் சல்ஃபைடும் இதே போல ஏமாற்றும்.

கணக்கில் தவறும் இடம்

ஒரு மாதிரியைப் பார்ப்போம். ஈர மண் 6.0 கிராம். ஓவனில் பார்த்த ஈரம், உலர் எடைக்கு 20 சதவீதம். அப்படியென்றால் உலர் மண் 5.0 கிராம், அதற்குள் ஏற்கெனவே இருந்த தண்ணீர் 1.0 மி.லி. நாம் விட்டது 50 மி.லி. ஆக மொத்தம் 51 மி.லி. கருவி காட்டியது லிட்டருக்கு 14.6 மி.கி., பிளாங்க் 0.6.

(14.6 – 0.6) × 51 ÷ 5.0 = 142.8

அதாவது கிலோவுக்கு 142.8 மி.கி. கருவி தரும் லிட்டர் கணக்கும் மண்ணின் கிராம் கணக்கும் ஆயிரத்தால் ஒன்றையொன்று வெட்டிக்கொள்வதால் தனியே பெருக்க வேண்டியதில்லை. நீர்த்து அளந்திருந்தால், நீர்த்த மடங்கால் கருவி எண்ணை மட்டும் பெருக்குங்கள்.

பிளாங்கைக் கழிக்காமல், மண்ணின் ஈரத்தையும் மறந்து 14.6 × 50 ÷ 6.0 என்று போட்டால் 121.7 வரும். ஏறக்குறைய 15 சதவீதம் குறைவு. மழைக்காலத்தில் ஈரம் 40 சதவீதம் இருக்கும் களிமண்ணில் இந்தப் பிழை இன்னும் பெருகும். அதே மண்ணின் மொத்த அங்கக கார்பன் 0.8 சதவீதம், அதாவது கிலோவுக்கு 8,000 மி.கி. என்றால், கரையும் பங்கு 1.8 சதவீதம். இந்தப் பங்கு ஐந்து, ஆறு சதவீதம் என்று வந்தால் மகிழ்ச்சி அடையும் முன் பிளாங்கையும் மண் உலர்ந்து போயிருந்ததா என்பதையும் பாருங்கள். மூன்று குப்பிகளில் ஒன்று மட்டும் தனியாக உயர்ந்திருந்தால் அதில் பெரும்பாலும் ஒரு வேர்த்துண்டு இருந்திருக்கும்.

எண்ணை எழுதும்போது அதன் பிறப்பும் கூடவே வர வேண்டும். என் குறிப்பேட்டில் ஒரு வரி இப்படி இருக்கும்: ‘கிலோ உலர் மண்ணுக்கு 143 மி.கி.; புது மண், 0–15 செ.மீ., மழை நின்று 9-ஆம் நாள். 1:10, 25 டிகிரி, 30 நிமிடம், 1,790 மடங்கு விசை, 0.45 மைக்ரான், என்.பி.ஓ.சி.; பிளாங்க் 0.6.’

நேரம் இருந்தால் வெந்நீர்ப் பங்கு

குளிர்ந்த நீரில் சாறு எடுத்த அதே மண்ணைக் கொட்டிவிடாதீர்கள். மேல் தண்ணீரை முழுதும் வடித்துவிட்டு, திரும்பத் தண்ணீர் விட்டுக் கலக்கி, 80 டிகிரி வாட்டர் பாத்தில் 16 மணி நேரம் வைத்து, மறுநாள் முன்போலவே சுழற்றி வடித்து அளக்கலாம். நியூசிலாந்து ஆய்வாளர்கள் 2003-இல் வெளியிட்ட முறை இது. அவர்கள் 3 கிராம் மண்ணுக்கு 30 மி.லி. தண்ணீர் எடுத்தார்கள். இந்தப் பங்கு குளிர்நீர்ப் பங்கைவிடப் பல மடங்கு பெரிதாக வரும், நுண்ணுயிர் உடலோடு நெருங்கிய தொடர்பு உடையது, அளக்கவும் எளிது. மாலையில் வைத்துவிட்டு வீட்டுக்குப் போகலாம். மூடி இறுக்கமாக இருக்கட்டும், ஆவியானால் கணக்கு கெடும். வாட்டர் பாத் உள்ள இணைப்பில் இரவில் மின்சாரம் போய் வந்ததா என்று காலையில் விசாரித்துவிட்டுக் குப்பியைத் திறங்கள்.

கழிவு

டைக்ரோமேட் வழியில் போனவர்கள் கொதித்த கரைசலை ஸிங்க்கில் ஊற்றக் கூடாது. டைக்ரோமேட்டில் இருக்கும் ஆறு இணைதிறன் குரோமியம் புற்றுநோய் தரும். ராணிப்பேட்டையில் மூடிப்போன குரோமேட் ஆலை விட்டுச்சென்ற கழிவுமேடு நிலத்தடி நீரை என்ன செய்தது என்பதை நாம் தமிழ்நாட்டிலேயே பார்த்திருக்கிறோம். டைட்ரேஷன் முடிந்த கரைசலைத் தனி ஜாடியில் சேர்த்து, பி.எச். 2 அல்லது அதற்குக் கீழே இருக்கும்போதே ஃபெரஸ் சல்ஃபேட்டைக் கூடுதலாகப் போட்டு மஞ்சள் நிறம் முழுதும் பச்சையாகும் வரை கலக்குங்கள். பிறகு ஐஸ் குளியலில் வைத்து, சுண்ணாம்புப் பாலைச் சிறிது சிறிதாகச் சேர்த்து பி.எச். 8 முதல் 9 வரை கொண்டு வந்தால் மூன்று இணைதிறன் குரோமியம் சேறாகப் படியும். சேற்றை வடித்து உலர்த்தி, ‘குரோமியக் கழிவு’ என்று தேதியோடு எழுதி ஒட்டி, அபாயக் கழிவு எடுத்துச் செல்ல அனுமதி பெற்றவர்களிடம் ஒப்படைக்க உங்கள் ஆய்வகப் பொறுப்பாளரிடம் கொடுங்கள். தெளிந்த மேல்நீரில் குரோமியம் மிச்சமில்லை என்று பார்த்த பிறகே அதை வெளியே விடுங்கள்.